நான்காவது கோடு

ஆட்டுக்குக் கொடுக்கிற மருந்துதான் என்று
ஒரு சின்னக் குப்பியில் ஊற்றித் தந்தார்
இராமநாதபுரத்து டாக்டர் கோமளவல்லி.
"ஆட்டுக்கு இது ஒரு மடக்கு.
இதுக்கு இன்சுலின் சிரிஞ்சில நாலே கோடு.
அஞ்சுக்குப் போயிராதீங்க.
பதினாலாம் நாள் மறுபடி நாலு.
உண்ணி செத்தாலும் முட்டை சாகாது."

கீழக்கரை பஸ்ஸில்
கூடைக்குள் எட்டிப் பார்த்த கண்டக்டர்
எலியா, முயலா என்றார்.
ரெண்டும் இல்லை.
அதன் பெயரின் பின்பாதியை
எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.
வளர்க்கணும்னா வளர்த்துக்க, பேரை மாத்து
என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள் மெகராஜ்.
நஸீஹா வைத்த பெயர் சவ்வரிசி.

முதுகில் ரோமம் கொட்டி
உப்பளத் தரைபோல் வெடித்திருந்தது தோல்.
விரல் பட்டாலே துடித்தது.

வலைக்கடை வைத்திருப்பவன் நான்.
கயிற்றைக் கையால் வீசியே
பத்துப் பாகம், இருபது பாகம் என்று சொல்வேன்.
அளந்து பார்த்தவர்கள்
ஒரு சாண் குறை சொன்னதில்லை.
அன்றிரவு கரண்ட் இல்லை.
கண்ணாடி கடையில்.
போன் வெளிச்சத்தில் நான்கு கோடு இழுத்து
வாயோரம் விட்டேன்.
நாக்கைச் சுழற்றி என்னைப் பார்த்தது.

மறுநாள் முன்னிலும் மோசமாகச் சொறிந்தது.
"சாகிற உண்ணிதான் ரொம்ப அரிக்கும்,
மருந்து வேலை செய்யுது" என்றார் டாக்டர்.
வேலை செய்தது.
இரவுக்குள் கொத்தமல்லியைத் தொடவில்லை,
தாடை நனைந்து எச்சில் வழிந்தது,
தலை வலப்பக்கம் சாய்ந்துவிட்டது.
சாய்ந்த பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது,
நங்கூரம் அறுந்த வத்தை மாதிரி.

மறுபடி போன்.
"நாலு கோடுதானே குடுத்தீங்க?"
"நாலுதான்."
"சிலதுக்கு ஒத்துக்காது.
வயிறு காயவிடாதீங்க, குடல் நின்னுபோகும்."

அது நோன்பு மாதம்.
அல்லாஹ்வுக்காக நாங்கள் சாப்பிடாமல் இருந்தோம்.
அது எதற்காக இருந்தது என்று அதற்கே தெரியாது.
ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம்
புல் உருண்டையை நுணுக்கி, நீரில் குழைத்து,
பல் இடுக்கில் செலுத்தினேன்.
காய்ந்த வாயோடு நான்,
குழைத்த பச்சை மணக்க என் விரல்.
சஹருக்கு எழுந்த மெகராஜ்
அரை நிமிடம் நின்று பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
மடியில் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் துண்டில் ஒரு புழுக்கை.
உளுந்தளவு, உலர்ந்து, கறுத்து.
கையில் வைத்துக்கொண்டு
தூங்குகிற பிள்ளையை எழுப்பினேன்.
அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒன்பது.
பெருநாளன்று வெள்ளரித் தோலைக் கடித்தது.
தலை மட்டும் முழுக்க நிமிரவில்லை,
எதையோ ஒட்டுக்கேட்கிறதுபோல.

பதினாலாம் நாள்.
கடலிலிருந்து அடிக்கும் காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு
ஜன்னலோரம் உட்கார்ந்து
அன்றுபோலவே இழுத்தேன்.
இந்த முறை நஸீஹாவிடம் நீட்டினேன்,
சும்மா, ஒரு தரம் பார் என்று.

கண்ணருகே கொண்டுபோய் எண்ணினாள்.
"ஆறுல நிக்கிது வாப்பா.
நாலுன்னுதானே சொன்னாங்க?"

ஆமாம், நாலுதான்.
வாங்கி, மெல்லத் தள்ளினேன்.
ரெண்டு கோடு தரையில் விழுந்தது.
மிளகளவு ஈரம்.
துடைக்கக் குனிந்தபோது
கூடைக்குள்ளிருந்து அது கூப்பிட்டது,
தலையைச் சாய்த்து, என்னைத்தான்,
சாப்பாட்டுக்காரன் வந்துவிட்டான் என்று.

நஸீஹா இன்னும் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.